வடக்கு டர்பன் வளர்கிறது, மாநகராட்சி முதலில் எதைச் செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் குடியிருக்கிறேன். சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு முடிந்ததும், பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெரியவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே கேட்கும் கேள்விகள் இவை. தண்ணீர் பில், வெள்ளம், ரேட்ஸ் எனும் சொத்து வரி என்று எங்கே தொடங்கினாலும் பேச்சு மாநகராட்சியில்தான் போய் நிற்கும். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2026 நவம்பர் 2க்கும் 2027 ஜனவரி 31க்கும் இடையே நடந்தாக வேண்டும். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இங்கே பிறந்து வளர்ந்தவர்களோடு, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து உம்லாங்கா பக்கம் குடியேறியவர்களையும் நினைத்து எழுதியிருக்கிறேன்.

வெருலம், டோங்காட், ஃபீனிக்ஸ் எல்லாம் தனித்தனி ஊர்கள்தானே? எல்லாவற்றுக்கும் டர்பனிடம் ஏன் போய் நிற்க வேண்டும்?

வெருலத்துக்கும் டோங்காட்டுக்கும் ஒரு காலத்தில் சொந்தமாக மன்றம் இருந்தது உண்மைதான். 2000 டிசம்பர் தேர்தலோடு எல்லாம் டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. 2011 கணக்கெடுப்பில் அந்த மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 34 லட்சம். 2022ல் 42 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பதினொரு ஆண்டில் எட்டு லட்சம் பேர்.

அந்த வளர்ச்சியை வடக்கே கண்ணாலேயே பார்க்கலாம். 2010 மே 1ஆம் தேதி லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறந்தது. அப்புறம் டூபே டிரேட்போர்ட் வணிக வளாகம், கோர்னுபியா, சிபாயா என்ற புதிய குடியிருப்புப் பகுதிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் சிறுவனாக இருந்தபோது ஃபீனிக்ஸிலிருந்து வெருலம் வரும் வழியெல்லாம் கரும்புதான். தோகை எரிக்கும் மாதங்களில் கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கருந்துகள் வந்து ஒட்டும், அம்மா இரண்டாம் முறை அலசிப் போடுவார். இன்று அதே மேட்டில் கிடங்குகளும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. வீடுகள் வந்த வேகத்துக்குக் குழாய்கள் வரவில்லை. நம் கேள்விகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

மாநகராட்சி எதற்குப் பொறுப்பு? எதற்கு அங்கே போய்ப் பயனில்லை?

குடிநீர், கழிவுநீர், வீட்டுக்கு வரும் மின்சாரம், குப்பை, உள்ளூர்ச் சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்கா, நூலகம், இடுகாடு, சுடுகாடு, தீயணைப்பு, கட்டட அனுமதி ஆகியவை மாநகராட்சியின் வேலை. இவற்றில் பெரும்பாலானவை அரசியலமைப்பின் நான்காம், ஐந்தாம் அட்டவணைகளில் எழுதியே இருக்கின்றன. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மாகாண அரசுடையவை. ஃபீனிக்ஸில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையில் வரிசை நீளம் என்றால் கவுன்சிலரைத் திட்டிப் பலனில்லை. போலீஸ் நிலையமும் அடையாள அட்டையும் தேசிய அரசு. என்2 நெடுஞ்சாலை தேசியச் சாலை நிறுவனத்துடையது. யாரிடம் கேட்பது என்று தெரியாமலேயே நம் பெரியவர்கள் எத்தனை நாளை வரிசையில் தொலைத்திருக்கிறார்கள்! அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, இத்தனை வேலையில் முதலில் எது?

மண்ணுக்கு அடியில் இருப்பதுதான் முதலில். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால். இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று நான் நினைக்கிறேன். புதிய சாலையும் அலங்கார வளைவும் திறப்பு விழாவுக்கு நன்றாக இருக்கும். பழைய குழாயை மாற்றினால் யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை, அதனாலேயே அந்த வேலை ஆண்டாண்டாகத் தள்ளிப்போகிறது.

எத்தெக்வினி மொத்தமாக விலைகொடுத்து வாங்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் வருமானம் தராமலே போகிறது. குழாய் வெடிப்பு, கசிவு, அனுமதியில்லாத இணைப்பு, கணக்கில் ஏறாத பயன்பாடு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையுமா? புதிய அணை வேண்டும், கூடுதல் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. வெருலத்துக்குப் பக்கத்தில் ம்ட்லோட்டி ஆற்றில் இருக்கும் ஹேசல்மியர் அணையின் சுவரை உயர்த்தியிருக்கிறார்கள், அதுவும் வடக்கின் தேவைக்காகத்தான். ஆனால் அங்கிருந்து கிளம்பும் தண்ணீர் நம் வீட்டுக் குழாய் வரை வந்து சேர வேண்டுமே.

இந்த மாநகராட்சியால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2007 தொடங்கிச் சில ஆண்டுகளில் 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்களை இதே மாநகராட்சிதான் தோண்டி மாற்றியது. 2014ல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருது வாங்கியதும் இதே தண்ணீர்த் துறைதான். அப்போது இருந்த திறமை எங்கேயும் ஆவியாகிவிடவில்லை. பணமும் ஆளும் கவனமும் மறுபடி அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், நாம் கேட்பது அவ்வளவுதான்.

என் தண்ணீர் பில் திடீரென்று இரண்டு மடங்கு வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

சண்டைக்குப் போகுமுன் ஒரு இரவு செலவிடுங்கள். படுக்கப்போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் மூடுங்கள், ஜோஜோ டேங்க் (தண்ணீர்த் தொட்டி) நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள். பிறகு டார்ச்சோடு மீட்டருக்குப் போய் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை யாரும் குழாய் திறக்குமுன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. மீட்டர் வரையுள்ள குழாய் மாநகராட்சியுடையது, மீட்டரைத் தாண்டினால் வீட்டுக்காரருடையது.

என் வீட்டில் இதைக் காட்டிக்கொடுத்தது கறிவேப்பிலை மரம். ஜூலை மாதம், மழையே இல்லை, புல்லெல்லாம் காய்ந்து பழுத்துக் கிடக்கிறது. மரம் மட்டும் தளதளவென்று துளிர் விட்டு நிற்கிறது. மனைவிக்கு ஒரே சந்தோஷம், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒடித்துக் கொடுத்தாள். பில் வந்தபிறகுதான் அடியில் தோண்டிப் பார்த்தோம். அப்பா நாற்பது ஆண்டுக்கு முன் போட்ட இரும்புக் குழாய், விரலால் அழுத்தினால் உதிரும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தது. ஊசித்துளை போன்ற ஓட்டைதான், இரவும் பகலும் பீய்ச்சிக்கொண்டிருந்தது. நம் ஒரு வீட்டுக் குழாய்க்கு நாற்பது வயதில் இந்த நிலை என்றால், அதே காலத்தில் தெரு முழுக்கப் புதைத்த குழாய்களை நினைத்துப் பாருங்கள். ஃபீனிக்ஸ் 1976ல் எழும்பத் தொடங்கிய ஊர். டர்பனுக்குத் தெற்கே உள்ள சாட்ஸ்வொர்த் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது.

மீட்டர் எண் இரவில் நகரவில்லை என்றால் பில்லில் இருக்கும் எண்ணையும் மீட்டரில் இருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். மீட்டரைப் பார்க்காமல் தோராயமாகக் கணக்கிட்ட பில்லாகவும் இருக்கலாம். மீட்டரைப் படம் எடுத்து எழுத்திலேயே புகார் கொடுங்கள், குறிப்பு எண் வாங்காமல் நகராதீர்கள்.

2022 வெள்ளம் போல இன்னொன்று வந்தால் தாங்குமா?

இன்றைய வடிகால்களோடு தாங்காது என்றே சொல்வேன். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புவி சூடேறியதால் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரட்டித்துவிட்டது என்று அதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் சொன்னார்கள். டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையமே அந்த வெள்ளத்தில் சிதைந்தது, ஊருக்குப் பல மாதம் டேங்கர் தண்ணீர்தான்.

டோங்காட்டில் என் சின்னம்மா வீட்டில் ஒரு பித்தளைக் குடம் உண்டு, பாட்டி வைத்திருந்தது. புரட்டாசிக்கும் காவடிக்கும் மட்டும் புளி போட்டுத் துலக்கி எடுப்பார். அந்த ஆண்டு அதுவும் டேங்கர் வரிசைக்குப் போனது. எழுபது வயதில் அந்தக் குடத்தை இடுப்பில் வைத்து மேட்டில் ஏறி வந்ததை அவர் இன்னும் சொல்வார். சொல்லும்போது கை தானாகவே இடுப்புக்குப் போகும்.

வெள்ளம் நமக்குப் புதிதும் இல்லை. அம்பிலோ ஆற்றங்கரையில் நம் முன்னோர் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. பெல்லேர் சாலையில் இன்று நிற்கும் அம்பலவாணர் ஆலயம் அதற்குப் பிறகு 1947ல் எழுந்தது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது, கரையோரத் தாழ்நிலத்தில் தகர வீடுகளில் இருந்தவர்களை நம் மீனவர்கள் படகில் போய்க் காப்பாற்றினார்கள். படவத்தான் அறுவர் என்று இன்றும் சொல்கிறோம், 176 உயிர்களை மீட்டார்கள். இந்த நூறு ஆண்டுகளில் ஆறு மாறவில்லை. ஆற்றோரம்தான் இடம் என்று ஏழைகள் போய்த் தங்குவதும் மாறவில்லை. அவர்களுக்கு மேட்டில் இடம் கொடுப்பதும் வெள்ளத் தடுப்புதான். வடிகால் தூர்வாருவதோடு அதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நாமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செப்டம்பரில் மழை தொடங்குமுன் தெருமுனை வடிகால் வாயில் அடைத்திருக்கும் இலையையும் பிளாஸ்டிக்கையும் அள்ளிப் போடுவோம். அடியில் அடைப்பு என்றால் மாநகராட்சிதான் வர வேண்டும், புகாரை ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

கடற்கரையை ஏன் அடிக்கடி மூடுகிறார்கள்?

கழிவுநீர் நீரேற்று நிலையம் நின்றாலோ சுத்திகரிப்பு நிலையம் பழுதானாலோ கழிவு ஆற்றில் கலந்து கடலுக்கு வருகிறது. தண்ணீரில் ஈ.கோலை கிருமி அளவு கூடினால் மூடித்தான் ஆக வேண்டும். 2022க்குப் பிறகு இது அடிக்கடி நடந்தது. ஆற்றின் மேல்பக்கம் ஒரு நீரேற்று நிலையத்துக்கு மாற்று மின்சாரம் தரும் ஜெனரேட்டர் இல்லாவிட்டால், உம்லாங்காவில் ஒரு ஓட்டல் பணியாளருக்கு அந்த வாரம் வேலை குறைகிறது. சடங்குக்குக் கடலுக்குப் போகிறவர்களும் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

அப்படியென்றால் புதிய வீடுகளே வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும், நிறைய வேண்டும். கோர்னுபியாவில் திட்டமிட்ட வீடுகளில் பெரும்பகுதி அரசு மானிய வீடுகள். குடிசையில் ஒவ்வொரு மழைக்கும் விழித்திருக்கும் குடும்பத்துக்கு அது வாழ்க்கை. எனக்கு உள்ள கவலை வரிசை பற்றியது. கழிவுநீர் எங்கே போகும், தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வரும் என்பதற்குப் பதில் கிடைத்தபிறகு அனுமதி கொடுக்க வேண்டும். பெரிய தனியார் திட்டங்களிடம் அந்தச் செலவில் பங்கு வசூலிக்கும் முறையைத் தெளிவாக்க 2024ல் ஒரு திருத்தச் சட்டமும் வந்திருக்கிறது. அந்தப் பணம் குழாய்க்கே போகிறதா என்று நாம் கேட்கலாம்.

கிடங்குகள் விஷயத்திலும் அதே கண் வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் கோர்னுபியாவில் ஒரு பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து, ரசாயனம் ஆற்று முகத்துவாரம் வரை ஓடி, மீன்கள் செத்து மிதந்தன. வீடுகளுக்கு இத்தனை அருகில் என்னென்ன சேமித்து வைக்கிறார்கள் என்பதை அனுமதி கொடுக்கும்போதே பார்க்க வேண்டும்.

பின்கட்டில் ஒரு அறை கட்டத்தானே போகிறேன், அதற்குமா பிளான் போட வேண்டும்?

போட வேண்டும். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடமென்றால் விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்த 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டுச் சட்டம். அலைச்சல்தான், தெரியும். ஆனால் 2013 நவம்பரில் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் சரிந்ததை நாம் மறக்க முடியாது. அனுமதியில்லாமல் எழும்பிய கட்டடம், வேலையை நிறுத்தச் சொல்லி மாநகராட்சி நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தும் வேலை நடந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். உத்தரவு வாங்கினால் போதாது, அதை நிறைவேற்ற ஆய்வாளர்கள் வேண்டும். ஊர் வளரும் வேகத்துக்குக் கட்டட ஆய்வாளர் எண்ணிக்கையும் வளர வேண்டும் என்பதை நான் முன்னுரிமைப் பட்டியலில் மேலேயே வைப்பேன்.

ரேட்ஸ் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கோயிலுக்கும் உண்டா?

உங்கள் சொத்தின் சந்தை மதிப்பை மதிப்பீட்டுப் பட்டியலில் பதிவார்கள். அதில் ஒரு ராண்டுக்கு இத்தனை சென்ட் என்று மன்றம் ஆண்டுதோறும் முடிவு செய்யும். வீடென்றால் மதிப்பின் முதல் 15,000 ராண்டுக்கு ரேட்ஸ் கிடையாது என்பது நாடு முழுக்க உள்ள விதி, மாநகராட்சி அதற்கு மேலும் விலக்குக் கொடுக்கலாம். ஓய்வூதியர்களுக்குத் தள்ளுபடி உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான். புதிய பட்டியல் வரும்போது ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 30 நாள் தருவார்கள். பக்கத்தில் உங்கள் வீடு போன்றது என்ன விலைக்குப் போனது என்று இரண்டு மூன்று சான்று வைத்து எழுதினால் கேட்பார்கள்.

வழிபாட்டுத் தலத்துக்கு ரேட்ஸ் விலக்கு சட்டத்திலேயே இருக்கிறது. அர்ச்சகர் குடியிருக்கும் அதிகாரபூர்வ வீடு ஒன்றுக்கும் சேர்த்துத்தான். ஆனால் சொத்து சமயச் சமூகத்தின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். சில பழைய கோயில்களின் பத்திரம் இன்னும் காலஞ்சென்ற ஒரு தாத்தாவின் பெயரிலேயே கிடக்கிறது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் தயவுசெய்து பெட்டியைத் திறந்து பாருங்கள். தண்ணீர், மின்சாரக் கட்டணம் எப்படியும் உண்டு.

குப்பை, பேருந்து, தெருவிளக்கு?

குப்பையில் நம் பங்கு எளிது. காகிதமும் பிளாஸ்டிக்கும் ஆரஞ்சுப் பையில், பொதுக் குப்பை கறுப்புப் பையில். வடக்கின் குப்பை வெருலத்துக்கு அருகே பஃபல்ஸ்ட்ராய் மேட்டுக்குப் போகிறது. அதைச் சுற்றி 2008 முதல் உள்ளூர் மக்களைக் கொண்டு லட்சக்கணக்கில் நாட்டு மரங்கள் நட்டிருக்கிறார்கள். மாநகராட்சி நன்றாகச் செய்த வேலைக்கு அது சாட்சி, ஒருமுறை போய்ப் பாருங்கள்.

போக்குவரத்தில் பெரிய விரைவுப் பேருந்துத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. அது வரும்வரை மினிபஸ் டாக்ஸி நிற்கும் இடங்களில் நிழற்கூரையும், பள்ளிக்கூடம் போகும் வழியில் நடைபாதையும் போட்டாலே போதும். சிறு செலவுதான். தெருவிளக்கு எரியாவிட்டால் கம்பத்தில் உள்ள எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள்.

வரவுசெலவுத் திட்டத்தில் சாதாரண ஆளின் பேச்சு எடுபடுமா?

நேரத்துக்குச் சொன்னால் எடுபடும். நிதியாண்டு ஜூலை 1 தொடங்குகிறது. வரைவை மார்ச் முடிவுக்குள் மன்றத்தில் வைத்து, ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். நாம் ஜூலையில் பில் உயர்ந்தபிறகு கத்துகிறோம், அப்போது கதவு சாத்தியிருக்கும்.

வரைவு பெரிய புத்தகமாக இருக்கும், பயப்பட வேண்டாம். பழுதுபார்ப்பு, பராமரிப்பு என்ற வரியைத் தேடுங்கள். மாநகராட்சியின் சொத்துகளுடைய கணக்குப் புத்தக மதிப்பில் 8 சதவீதம் அதற்குச் செலவிட வேண்டும் என்பது தேசியக் கருவூலத்தின் அளவுகோல். நம் மாநகராட்சி எத்தனை சதவீதம் ஒதுக்கியிருக்கிறது, ஏன் குறைவு என்று ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள். தமிழ் வகுப்பிலிருந்து முப்பது பேர் முப்பது கடிதம் எழுதினாலும் அதற்கு எடை உண்டு.

என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டு. நான் பேசலாமா?

ஓட்டுப் போட முடியாது, பேசலாம். உள்ளாட்சிச் சட்டத்தில் 'உள்ளூர்ச் சமூகம்' என்பதற்குள் குடியிருப்பவர் எல்லோரும் அடக்கம். வரைவுத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்லலாம், வார்டு கூட்டத்துக்குப் போகலாம். குடியுரிமை உள்ளவர்கள் தாங்கள் குடியிருக்கும் வாக்குப்பதிவு வட்டாரத்தில்தான் பதிவு செய்திருக்க வேண்டும். வீடு மாறியிருந்தால் அதையும் மாற்றுங்கள். இங்கே இரண்டு சீட்டு தருவார்கள், ஒன்று வார்டு வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. 2021 தேர்தலின்படி 111 வார்டு, மன்றத்தில் 222 பேர்.

நம் பகுதிக்கு மட்டும் கேட்டால் போதாதா? பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளான இனாண்டா, குவாமாஷுவை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டுமே.

இந்தக் கேள்வியை எனக்கு மிகவும் வேண்டிய ஒரு பெரியவர் கேட்டார். அவர் பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். இந்த நகரத்தின் தெருவைப் பெருக்கியதும் குப்பையை அள்ளியதும் அவர்கள்தான். 1960களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறிக் காலக் குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். கோடு போட்டு மனிதரைப் பிரித்த அந்த வரைபடத்தில்தான் ஃபீனிக்ஸும் இனாண்டாவும் குவாமாஷுவும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக நின்றன. 2021 கலவரத்தில் அந்தக் கோட்டின் மேல் எவ்வளவு ரத்தம் சிந்தியது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

குழாய்க்கு அந்தக் கோடு தெரியாது. மேலே ஒரு குடியிருப்பில் கழிவுநீர் பொங்கினால் கீழே நம் ஓடைக்குத்தான் வரும். அங்கே முறையான இணைப்புக் கொடுக்காத வரை கசிவும் குறையாது, குழாயில் தண்ணீர் அழுத்தமும் உயராது. அதனால் வார்டு கூட்டத்துக்குப் போகும்போது பக்கத்து வார்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். செவ்வாய் மாலை ஆறு மணி, நூலகக் கூடம் என்றேன். கோப்பையை வைத்துவிட்டு, பேனாவைத் தேடிக் கைக்குட்டை மடிப்பு வரை துழாவினார்.